ஆஸ்துமா மருந்து ஆய்வில் சேரப் போகிறீர்களா? கடலூர், புதுச்சேரிக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

கடுமையான ஆஸ்துமா உள்ள என் அக்காவை ஒரு மருந்து ஆய்வில் சேர்ப்பதற்காகக் கடலூர் முதுநகருக்கும் புதுச்சேரிக்கும் நடையாக நடந்தேன். அதில் தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன். கிளினிக்கல் ட்ரையலில் நோயாளியாகச் சேர நினைப்பவர்களுக்கும், கூடப் போகிற வீட்டாருக்கும் இது உதவும். ஆஸ்துமா ஏன் வருகிறது, எந்த மருந்து எப்படி வேலை செய்கிறது என்பதெல்லாம் இதில் இல்லை. அதை உங்கள் டாக்டர் சொல்வார்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ட்ரையலை இலவச வைத்தியம் என்று நினைத்துப் போகாதீர்கள். உங்களுக்கு வருவது புது மருந்தாக இருக்கலாம், மருந்தே இல்லாத வெற்று ஊசியாகவும் இருக்கலாம். எது வந்தது என்று பல ஆய்வுகளில் ஊசி போடும் டாக்டருக்கே தெரியாது. இதற்கு மனசு ஒப்பவில்லை என்றால் இங்கேயே விட்டுவிடலாம்.

1. பழைய சீட்டுகளைத் தேடி எடுங்கள்

எல்லாவற்றிலும் பெரிய வேலை இதுதான். ஆய்வு எங்கே நடக்கிறது என்று தேடுவதற்கு முன்பே இதை ஆரம்பித்துவிடுங்கள்.

கடுமையான ஆஸ்துமாவுக்கான ஆய்வுகளில் வழக்கமாக ஒரு நிபந்தனை இருக்கும். கடந்த 12 மாதங்களில் ஒரு முறையாவது, சிலவற்றில் இரண்டு முறையாவது, இழுப்பு முற்றி ஸ்டீராய்டு மாத்திரையோ ஊசியோ தேவைப்பட்டிருக்க வேண்டும், அல்லது ஆஸ்பத்திரியில் சேர்ந்திருக்க வேண்டும். அதற்கு எழுத்தில் ஆதாரம் கேட்பார்கள். நம் பக்கத்தில் நடப்பது என்ன? ராத்திரி பத்து மணிக்கு மூச்சு முட்டும். தெருமுனை கிளினிக்கில் ஒரு டெரிஃபிலின் ஊசி, ஒரு டெக்ஸா (இதுதான் ஸ்டீராய்டு ஊசி), கொஞ்ச நேரம் நெபுலைசர். காசை வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். சீட்டு கிடையாது, என்ன ஊசி என்று சொல்வதும் கிடையாது. அக்காவுக்கு அந்த வருஷம் இப்படிப் பல ராத்திரிகள் போயின. ஆய்வு மையத்தில் காட்ட எங்களிடம் இருந்தது ஒரே ஒரு டிஸ்சார்ஜ் சம்மரி. மற்ற ராத்திரிகள் எதுவும் கணக்கில் ஏறவில்லை.

அதனால் அந்த கிளினிக்குகளுக்குத் திரும்பப் போய்க் கேளுங்கள். தேதி, கொடுத்த மருந்தின் பெயர், அளவு, எத்தனை நாள் என்று லெட்டர்பேடில் எழுதி, முத்திரையும் டாக்டரின் பதிவு எண்ணும் போட்டுத் தரச் சொல்லுங்கள். நோட்டில் எழுதி வைத்திருக்கிற டாக்டர் தருவார். நினைவில் இல்லை என்றால் வற்புறுத்தாதீர்கள். இல்லாததை எழுதி வாங்குவது உங்களுக்குத்தான் ஆபத்து. அடுத்து மெடிக்கல் ஷாப். கம்ப்யூட்டர் பில் போடுகிற கடையாக இருந்தால், போன் நம்பரைச் சொல்லிப் பழைய பில்களை எடுத்துத் தர முடியுமா என்று கேளுங்கள். வைசோலோன் என்கிற ஸ்டீராய்டு மாத்திரை வாங்கிய பில் ஒன்று கிடைத்தாலும் தேதிக்கு ஆதாரம் ஆகும். இனிமேல் எங்கே ஊசி போட்டுக்கொண்டாலும், அரசு ஆஸ்பத்திரியானாலும் தனியாரானாலும், சீட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள்.

ஒரு பையில் சேர்க்க வேண்டியவை:

- ஆதார், பயணப்படி வருவதற்கு வங்கி பாஸ்புக் முதல் பக்கம்
- குறைந்தது மூன்று மாத இன்ஹேலர் சீட்டுகள். ஒரே மருந்து, ஒரே அளவு, தொடர்ந்து எடுத்திருக்கிறீர்கள் என்பது தெரிய வேண்டும்
- ஸ்பைரோமெட்ரி, அதாவது ஊதும் டெஸ்ட்டின் ரிப்போர்ட், வரைபடத்தோடு. வழவழப்பான சூட்டுத் தாளில் அச்சானது சீக்கிரம் வெளுத்துவிடும். இன்றே ஜெராக்ஸ் எடுங்கள்
- ரத்தப் பரிசோதனைகள், முக்கியமாக ஈசினோஃபில் (ஒருவகை வெள்ளை அணு) எண்ணிக்கையும் ஐஜிஇ (ஒவ்வாமையைக் காட்டும் எதிர்ப்புப் பொருள்) அளவும்
- மார்பு எக்ஸ்ரே அல்லது ஸ்கேன்
- வேறு எந்த நோய்க்கு என்ன மருந்து எடுத்தாலும் அதன் சீட்டு

கடைசி வரியை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பிரஷருக்கோ படபடப்புக்கோ தருகிற புரோப்ரனலால், அட்டினலால் வகை மாத்திரைகளும், கண்ணில் அழுத்தத்துக்குப் போடுகிற டிமலால் சொட்டு மருந்தும் ஆஸ்துமாவைக் கிளப்பிவிடக் கூடியவை. சொட்டு மருந்தை யாரும் மருந்துக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. நீங்கள் சேருங்கள்.

கடுமையான ஒவ்வாமைக்கான ஆய்வு என்றால் இன்னொரு தாள் வேண்டும். எதைச் சாப்பிட்டு அல்லது எது கடித்து, எத்தனை நிமிஷத்தில் என்ன ஆனது என்று நீங்களே தேதியோடு எழுதுங்கள். உதடு வீங்கினதா, தடித்ததா, வாந்தியா, மயக்கமா? போனில் எடுத்த படம் இருந்தால் நல்லது. பண்ருட்டி பக்கம் முந்திரியோடு புழங்கும் வீடுகளில் இது அவ்வளவு அபூர்வமான விஷயம் இல்லை; வேலை செய்யும்போது வந்ததா, தின்றபோது வந்ததா என்பதையும் குறியுங்கள்.

2. ஆய்வு இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்

இந்தியாவில் நடக்கும் ஆய்வுகளுக்கு சிடிஆர்ஐ என்ற பொதுப் பதிவேடு இருக்கிறது. 2007 முதல் மத்திய அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான ஐசிஎம்ஆர் நடத்துகிறது. யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பார்க்கலாம். 2018 ஏப்ரலுக்குப் பிறகு, முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே பதிவு செய்தால்தான் பதிவை ஏற்கிறார்கள். எனவே உங்களிடம் யாராவது "ட்ரையல் இருக்கு, வாங்க" என்று சொன்னால், முதல் கேள்வி: "சிடிஆர்ஐ நம்பர் என்ன?" வருஷம், மாதம், வரிசை எண் என்று அந்த நம்பர் இருக்கும். நம்பர் இல்லை என்றால் போக வேண்டாம்.

தளம் ஆங்கிலத்தில்தான். வீட்டில் படிக்கிற பிள்ளையை உட்கார வையுங்கள். நோயின் பெயரில் ஆஸ்துமா என்று போட்டு, ஊரைப் புதுச்சேரி என்றும் பாண்டிச்சேரி என்றும் இரண்டு விதமாகத் தேடுங்கள். ஒவ்வொரு பதிவிலும் ஆய்வு நடக்கும் இடங்கள், யாரைச் சேர்ப்பார்கள், யாரைச் சேர்க்க மாட்டார்கள், தொடர்பு எண், எத்திக்ஸ் கமிட்டி (நோயாளிகளின் பாதுகாப்பையும் உரிமையையும் பார்க்கும் குழு) ஒப்புதல் எல்லாம் இருக்கும்.

இங்கே இரண்டு இடத்தில் ஏமாறலாம். ஒன்று, பதிவில் இருப்பதெல்லாம் புது மருந்து இல்லை. மேற்படிப்பு மாணவர்களின் ஆய்வுகள், மூச்சுப் பயிற்சி, சித்த மருந்து என்று எல்லாம் கலந்து கிடக்கும். அவற்றில் சேர்வதும் சேராததும் உங்கள் விருப்பம், ஆனால் எதில் சேர்கிறீர்கள் என்று தெரிந்து சேருங்கள். இரண்டாவது, "ஆள் சேர்க்கிறோம்" என்று பதிவில் இருக்கும், அந்த மையத்தில் எப்போதோ நிறுத்தியிருப்பார்கள். போனில் கேட்காமல் பஸ் ஏறாதீர்கள்.

நம் பகுதியில் பார்க்க வேண்டிய பெயர்கள்: கோரிமேட்டில் ஜிப்மர், கதிர்காமத்தில் இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரி, சிதம்பரம் அண்ணாமலைநகரில் இப்போது அரசு கடலூர் மருத்துவக் கல்லூரியாக இருக்கிற பழைய ராஜா முத்தையா, அப்புறம் கடலூர்–புதுச்சேரி சாலையில் பிள்ளையார்குப்பம், கிருமாம்பாக்கம் பக்கத்துத் தனியார் மருத்துவக் கல்லூரிகள். சில கம்பெனி ஆய்வுகளுக்குச் சென்னையில் மட்டும் மையம் இருக்கும். மாதாமாதம் சென்னை போய்வர உடம்பும் வேலையும் இடம் தருமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

3. போனில் கேட்க வேண்டியவை

டாக்டரைத் தேடாதீர்கள், ஆய்வு ஒருங்கிணைப்பாளர் என்று ஒருவர் இருப்பார், அவரிடம் பேசுங்கள். இன்னும் ஆள் சேர்க்கிறீர்களா? மொத்தம் எத்தனை மாதம், எத்தனை முறை வர வேண்டும்? ஒவ்வொரு முறையும் எத்தனை மணி நேரம்? வெற்று மருந்துப் பிரிவு உண்டா? இப்போது எடுக்கும் இன்ஹேலரை நிறுத்தச் சொல்வீர்களா? பயணப்படி எவ்வளவு, எப்போது கைக்கு வரும்? ஐந்து நிமிஷத்தில் முடிகிற பேச்சு. இதற்கே சலித்துக்கொள்கிற இடத்தில், ராத்திரி மூச்சு முட்டும்போது யார் போனை எடுப்பார்கள்?

4. கையெழுத்துக்கு முன் படிவம்

ஆய்வுக்கென்று ஒரு சொட்டு ரத்தம் எடுப்பதானாலும் அதற்கு முன்பே ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். அது நோயாளி தகவல் தாளோடு சேர்ந்து வரும், பக்கம் பக்கமாக இருக்கும். ஒரு மேசை ஓரத்தில் வைத்து, "இங்கே, இங்கே, இங்கே" என்று விரலால் காட்டிக் கையெழுத்து வாங்கப் பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். எங்களுக்கு அது நடந்தது. "வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படித்துவிட்டு வருகிறோம்" என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. சொல்லுங்கள். நல்ல மையம் முகம் சுளிக்காது.

தமிழ்ப் படிவம் கேளுங்கள். அதன் தமிழ் பல்லை உடைக்கும், அதனால் ஒருங்கிணைப்பாளரையே வாய்விட்டுப் படித்து விளக்கச் சொல்லுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால், ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சி முழு நேரமும் கூட இருந்து கையெழுத்துப் போட வேண்டும். சிறு பிள்ளைகள் போன்றவர்களைப் புத்தம் புது மூலக்கூறு மருந்தின் ஆய்வில் சேர்த்தால் ஒப்புதல் வாங்குவதை வீடியோவில் பதிவு செய்ய வேண்டும் என்று 2019-இல் வந்த புது மருந்துகள் மற்றும் கிளினிக்கல் ட்ரையல் விதிகள் சொல்கின்றன. கேமராவைப் பார்த்து மிரளாதீர்கள். பெற்றோர் கையெழுத்துப் போட்டாலும், விவரம் தெரிந்த பிள்ளையின் சம்மதத்தையும் கேட்பார்கள்; பிள்ளை வேண்டாம் என்றால் விடுங்கள்.

படிவத்தில் உங்கள் படிப்பு, தொழில், ஆண்டு வருமானம் கேட்டிருக்கும். அதற்குக் கீழே நாமினி பெயர் கேட்டிருக்கும். அதைப் பார்த்ததும் அக்காவின் முகம் மாறிவிட்டது. "எதுக்குடா நாமினி? நான் சாகப்போறேனா?" என்றாள். ஆய்வினால் உயிரிழப்பு நேர்ந்தால் இழப்பீடு யாருக்குப் போக வேண்டும் என்பதற்காகச் சட்டமே கேட்கிற விவரம் அது. எல்லா நோயாளியும் எழுதுவது. காலியாக விடாதீர்கள்.

கையெழுத்துக்கு முன் கண்ணால் பார்க்க வேண்டியவை: படிவத்தின் பதிப்பு எண், தேதி, எத்திக்ஸ் கமிட்டியின் ஒப்புதல், முதன்மை ஆய்வாளரின் போன் நம்பர், எத்திக்ஸ் கமிட்டியைத் தொடர்புகொள்ளும் விவரம். கையெழுத்துக்குப் பின் கையோடு வாங்க வேண்டியது, தகவல் தாளும் பூர்த்தி செய்த படிவத்தின் பிரதியும். "ஃபைல்ல இருக்கும்மா, அப்புறம் தர்றோம்" என்பார்கள். வாங்காமல் எழுந்திருக்காதீர்கள். அது இல்லாமல் பின்னால் எதையும் கேட்க முடியாது. நடுவில் படிவம் மாறினால் திரும்பவும் கையெழுத்து வாங்குவார்கள். என்ன மாறியது என்று கேட்டுவிட்டுப் போடுங்கள்.

5. ஸ்கிரீனிங்

கையெழுத்துப் போட்டுவிட்டால் சேர்ந்தாயிற்று என்று அர்த்தம் இல்லை. சேரத் தகுதி இருக்கிறதா என்று பார்க்கும் இந்த ஸ்கிரீனிங்கில் தேறாமல் போகிறவர்கள் நிறைய. காலையிலேயே போய்விடுங்கள், பகல் முழுக்க ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

*ஊதும் டெஸ்ட்.* ஒரு முறை ஊதி, சால்பியூட்டமால் இன்ஹேலரை இழுத்து, கொஞ்ச நேரம் கழித்துத் திரும்ப ஊதச் சொல்வார்கள். முதல் நொடியில் வெளியேறும் காற்று 12 சதவீதமும் 200 மில்லி லிட்டரும் கூடினால் ஆஸ்துமாவுக்கு அது பலமான சான்று. காலையில் பழக்கத்தில் இன்ஹேலரை இழுத்துவிட்டுப் போனால் இந்த வித்தியாசம் தெரியாமல் போகும். அஸ்தாலின் மாதிரி உடனே வேலை செய்பவற்றை நான்கு மணி நேரத்துக்கு முன்பும், ஃபோராகார்ட் மாதிரி நீண்ட நேரம் வேலை செய்பவற்றை ஒரு நாள் முன்பும் நிறுத்தச் சொல்வது வழக்கம். உங்கள் மையம் சொல்கிற நேரத்தையே கேளுங்கள். பஸ்ஸில் மூச்சு முட்டினால் தயங்காமல் இழுத்துவிட்டு அங்கே போய்ச் சொல்லுங்கள். வேறு நாள் கொடுப்பார்கள்.

*ஈசினோஃபில்.* இப்போது வருகிற ஊசி மருந்து ஆய்வுகள் பலவற்றில் இந்த எண் 150-க்கு மேலோ 300-க்கு மேலோ இருக்க வேண்டும். நாலு நாளைக்கு முன் டெக்ஸா ஊசி போட்டிருந்தால் எண் சரிந்து கிடக்கும், தகுதியில்லை என்று வந்துவிடும். அதனால் கடைசியாக ஸ்டீராய்டு எடுத்த தேதியை மறைக்காமல் சொல்லுங்கள். காத்திருந்து திரும்ப எடுப்பார்கள். ஆய்வுக்காக ஸ்டீராய்டு ஊசியைத் தள்ளிப்போட்டு இழுப்போடு உட்கார்ந்திருப்பது மட்டும் வேண்டவே வேண்டாம்.

எண் ரொம்ப அதிகமாக, ஆயிரக்கணக்கில் இருந்தாலும் சந்தோஷப்பட முடியாது. குடல் புழு இருந்தாலும் கூடும், யானைக்கால் கிருமி இருந்தாலும் கூடும். கடலூரும் புதுச்சேரியும் யானைக்கால் நோயைப் பல காலம் பார்த்த மண். ராத்திரி இருமலும் இழுப்புமாக ஆஸ்துமா போலவே வந்து, உண்மையில் அந்தக் கிருமியால் வரும் நுரையீரல் நோயாக இருப்பது உண்டு. அதற்கு வேறு மாத்திரை, குணமும் ஆகும். மலப் பரிசோதனை கேட்டால் கூச்சப்படாமல் கொடுங்கள்.

*தோல் குத்துப் பரிசோதனை.* முன்கையில் பேனாவால் எண் போட்டு, ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் ஒரு சொட்டு விட்டு, அதன் மேல் நுனியால் லேசாகக் குத்துவார்கள். பதினைந்து நிமிஷம் கையை நீட்டியபடி உட்கார வேண்டும். அரிக்கும், சொறியக் கூடாது. தடிப்பை அளவுகோல் வைத்து மில்லிமீட்டரில் அளப்பார்கள். ஒவ்வாமைக்கான செட்ரிசின் மாத்திரை எடுத்திருந்தால் எதுவுமே தடிக்காது. ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். ஜலதோஷ மாத்திரையிலும் இருமல் சிரப்பிலும் இதே வகை மருந்து ஒளிந்திருக்கும், அதையும் பாருங்கள்.

6. பணம்

ஆய்வு மருந்துக்கும் ஆய்வுக்கான பரிசோதனைகளுக்கும் நீங்கள் ஒரு பைசா கொடுக்க வேண்டியதில்லை. "பதிவுக் கட்டணம்" என்று கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். அதே போல, "கை நிறையப் பணம் தருவோம்" என்று ஆள் பிடிக்கிறவரிடமும் போகாதீர்கள்.

கைக்காசு எங்கே கரையும் என்றால், பயணத்திலும் கூலி இழப்பிலும்தான். கடலூரிலிருந்து புதுச்சேரி சுமார் 25 கிலோமீட்டர். பஸ் ஸ்டாண்டிலிருந்து கோரிமேட்டுக்கு இன்னொரு பஸ். கூட வருபவருக்கும் அதே செலவு. கூட வருபவருக்குப் படி உண்டா என்று படிவத்தில் பாருங்கள். பஸ் டிக்கெட்டைக் கசக்கி எறியாமல் வையுங்கள். பணம் வங்கிக்கு வரத் தாமதம் ஆகும், அதனால் முதல் இரண்டு மூன்று நடைக்குக் கையில் வைத்துக்கொண்டுதான் கிளம்ப வேண்டும். ஆய்வுக்கு வெளியே உள்ள வழக்கமான மருந்துகளை யார் வாங்கித் தருவது என்பதையும் முன்பே கேட்டுவிடுங்கள். சண்டை வருவது அங்கேதான்.

7. ஆய்வு நடக்கும் மாதங்கள்

குறித்த தேதிக்கு முன்னும் பின்னும் சில நாட்கள்தான் சலுகை. ஐப்பசி, கார்த்திகையில் தேதி விழுந்தால் புயல் செய்தியைப் பார்த்து முன்கூட்டியே போய்வந்துவிடுங்கள். தீபாவளிப் புகையிலும் போகிப் புகையிலும் இழுப்பு கிளம்பினால் அதை, ஆய்வில் நிரப்பத் தருகிற தினக்குறிப்பில் அன்றைக்கே எழுதுங்கள். மையத்துக்குப் போகிற பஸ்ஸில் ஒரு வாரத்துக்கும் சேர்த்து நிரப்பினால், ஆய்வும் கெட்டது, உங்கள் சிகிச்சையும் கெட்டது.

ஓமலிசுமாப் போன்ற ஊசி மருந்துகளில் அரிதாகக் கடுமையான ஒவ்வாமை வரும். அதனால் ஊசிக்குப் பின், முதல் சில தடவைகளில் இரண்டு மணி நேரம்கூட உட்கார வைப்பார்கள். பஸ் போய்விடும் என்று எழுந்து ஓடாதீர்கள். பிறகு வீட்டில் தொண்டை அடைத்து உடம்பு தடித்து மயக்கம் வந்தால், பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போய் முதல் வார்த்தையாக ஆய்வு ஊசி போட்டுக்கொண்டதைச் சொல்லுங்கள். தொடையில் அட்ரினலின் ஊசி உடனே வேண்டும். செட்ரிசினைப் போட்டுவிட்டுக் காத்திருக்கிற நேரம் அது இல்லை.

அவசர இன்ஹேலர் எப்போதும் கையில் இருக்கட்டும்.

8. உடம்புக்கு ஏதாவது ஆனால்

எந்த ஊர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தாலும், ஆய்வில் இருக்கிறீர்கள் என்று மையம் தந்த அட்டையைக் காட்டி, மையத்துக்கும் அன்றே போன் செய்யுங்கள். ஆஸ்பத்திரியில் சேர்வதே கடுமையான பாதிப்பு என்ற கணக்கில் வரும். அதை ஆய்வாளர் 24 மணி நேரத்துக்குள் அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புக்கும் எத்திக்ஸ் கமிட்டிக்கும் சொல்ல வேண்டும். பாதிப்பு ஆய்வினால் வரவில்லை என்று உறுதியாகும் வரை, அல்லது தேவைப்படும் வரை, சிகிச்சை இலவசம். ஆய்வினால்தான் என்று தீர்மானமானால் இழப்பீடு தனி. உயிரிழப்புக்கான கணக்கில் அடிப்படைத் தொகை 8 லட்சம். வயதையும் நோயின் கடுமையையும் வைத்து ஏறும் இறங்கும். மையம் மழுப்பினால் எத்திக்ஸ் கமிட்டிக்கு எழுத்தில் கொடுத்து, பிரதியில் முத்திரை வாங்குங்கள்.

விலக நினைத்தால் காரணம் சொல்ல வேண்டியதில்லை, உங்கள் வழக்கமான சிகிச்சையையும் அதற்காக நிறுத்த முடியாது. ஆனால் சொல்லாமல் நின்றுவிடாதீர்கள். மருந்தைப் பாதியில் விட்டால் என்ன ஆகும் என்று பார்க்கக் கடைசியாக ஒரு பரிசோதனை இருக்கும், அதற்குப் போய்விட்டு வாருங்கள்.

9. முடிந்த பிறகு

மருந்து நன்றாகக் கேட்டது, ஆய்வு முடிந்தது, அடுத்த மாதம் என்ன செய்வது? இதைச் சேரும்போதே கேட்க வேண்டும். வேறு மாற்று மருந்து இல்லாத நிலையில், ஆய்வாளர் பரிந்துரைத்து எத்திக்ஸ் கமிட்டி ஒப்புக்கொண்டால், கம்பெனி இலவசமாகத் தொடர்ந்து தர வேண்டும் என்று அதே 2019 விதிகளில் இருக்கிறது. ஆனால் அதற்கு நீங்கள் எழுதிக் கொடுக்கும் தாளில், அதன் பின் வரும் பாதிப்புக்குக் கம்பெனி பொறுப்பில்லை என்றும் இருக்கும். படித்துவிட்டுப் போடுங்கள். ஆஸ்துமாவுக்கு ஏற்கெனவே வேறு ஊசிகள் சந்தையில் இருப்பதால் இந்தச் சலுகையை நம்பிச் சேர வேண்டாம்.

கடைசி நாளில் உங்கள் ஸ்பைரோமெட்ரி, ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டுகளின் பிரதிகளைக் கேட்டு வாங்குங்கள். உங்களுக்கு வந்தது மருந்தா வெற்று ஊசியா என்பது ஆய்வு முழுவதும் முடிந்து கணக்குப் போட்ட பிறகுதான் தெரியும், அதற்கு மாதக்கணக்கில் ஆகும். தெரிவிக்கச் சொல்லி உங்கள் முகவரியையும் போன் நம்பரையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். நடுவில் நம்பர் மாற்றினால் அதையும் சொல்லிவிடுங்கள்.